ஜப்பானில் முதல் சஷிமி: எந்த மீன், எந்தக் கடை?

ஜப்பானுக்குப் போகிறவர்கள் டிக்கெட் போட்டவுடனே கேட்கிற கேள்விகளில் ஒன்று, சஷிமியை, அதாவது சீவிய பச்சை மீனைச் சாப்பிட்டுப் பார்க்கலாமா என்பது. சாப்பிடலாம் என்று முடிவு செய்துவிட்டால் அடுத்து இரண்டு முடிவுகள் இருக்கின்றன: எந்த மீன், எந்த இடம். பயணக் குறிப்புகள் பெரும்பாலும் இடத்தைத்தான் முதலில் சொல்லும். டோக்கியோவின் டோயோசு சந்தைக்கு விடியற்காலையில் போ, வரிசையில் நில், விலை உயர்ந்த சூரையின் கொழுத்த துண்டைக் கேள் என்று எழுதியிருக்கும். என்னைக் கேட்டால் முதல் முறைக்கு இது ஏறக்குறைய எல்லா வகையிலும் தவறான யோசனை. மதியச் சாப்பாட்டுக் கடை ஒன்றில் சஷிமி தெய்ஷோகு கேளுங்கள். அதாவது சோறு, மிசோ என்கிற புளிக்கவைத்த சோயா விழுதில் செய்த சூப், ஊறுகாய் எல்லாம் சேர்ந்த சாப்பாடு. தட்டில் சூரையின் சிவந்த கொழுப்பில்லாத பகுதியும் ஏதாவது ஒரு வெள்ளை மீனும் இருந்தால் போதும். ஏன் என்று சொல்கிறேன்.

சாப்பிட்டுப் பிடிக்காமல் போனவர்களைக் கேட்டால் 'நாற்றம்' என்று சொல்பவர்கள் குறைவு. நல்ல சஷிமியில் கவிச்சி வாடையே இருக்காது. அவர்கள் சொல்வது வேறு: 'வழவழவென்று இருந்தது', 'வாயெல்லாம் கொழுப்பு ஒட்டிக்கொண்டது', 'சில்லென்று இருந்தது, விழுங்க முடியவில்லை.' புளியும் மிளகாயும் போட்டுக் கொதித்த குழம்பு மீனுக்குப் பழகிய வாய்க்கு முதல் எதிரி கொழுப்பும் குளிர்ச்சியும்தான். அதனால் மீனை முதலில் தேர்ந்தெடுக்க வேண்டும். இடம் அதற்குப் பிறகு.

சால்மன்

பயப்படுகிறவர்களுக்கு எல்லோரும் கைகாட்டுவது இதைத்தான். மென்மை, லேசான இனிப்பு, கண்ணுக்குப் பழகிய ஆரஞ்சு நிறம். ஆனால் ஜப்பானியர்களுக்கே இது புதிய பழக்கம். அந்தக் கடல்களில் பிடிபடும் பசிபிக் சால்மனில் ஒட்டுண்ணிப் புழு இருக்கும் என்பதால் உப்புப் போட்டுச் சுட்டுத்தான் சாப்பிட்டார்கள். வடக்கே ஹொக்கைடோவின் ஐனு மக்கள் மட்டும் குளிரில் உறையவிட்டு, உறைந்த நிலையிலேயே சீவிச் சாப்பிட்டார்கள். ருயிபே என்று அதற்குப் பெயர். பிறகு 1980களில் நார்வே தன் பண்ணை சால்மனை விற்க ஜப்பானில் ஒரு பெரிய முயற்சி எடுத்தது. தீவனம் தின்று வளர்ந்த மீன் என்பதால் புழு அபாயம் மிகக் குறைவு என்று சொல்லிச் சொல்லி, பல வருடம் போராடித்தான் பச்சையாக விற்க முடிந்தது. இன்று சோற்றின் மேல் மீன் வைத்த சுஷித் தட்டுகள் சுற்றிவரும் சுழலும் பெல்ட் கடைகளில் குழந்தைகள் முதலில் கேட்பது இதைத்தான்.

பாதுகாப்பான தொடக்கம், சந்தேகமில்லை. ஆனால் அதே நார்வே சால்மனைச் சிங்கப்பூரிலோ துபாயிலோ சாப்பிட்டுவிடலாமே. இவ்வளவு தூரம் போய் ஏன்?

சூரை, அதாவது மகுரோ

இங்கேதான் காசு வீணாவது அதிகம். ஒரே மீனில் மூன்று விலை. முதுகுப் பக்கமும் நடுவிலும் வரும் சிவந்த சதை அகாமி. ஓரளவு கொழுப்புள்ளது சூதோரோ. அடிவயிற்றின் இளஞ்சிவப்புப் பகுதி ஓதோரோ, விலை உச்சம். பயணிகள் ஓதோரோவைத்தான் கேட்பார்கள். நாக்கில் வைத்ததும் கரையும், உண்மைதான். முதல் துண்டு ஆச்சரியம், இரண்டாவது சரி, மூன்றாவது பலருக்கு இறங்காது.

குளிர்பதனம் வருவதற்கு முன்பு இந்தக் கொழுத்த பகுதிக்கு மதிப்பே கிடையாது. சீக்கிரம் கெட்டுப்போகும் என்று தள்ளிவிட்டார்கள். எடோ காலத்து (17 முதல் 19ஆம் நூற்றாண்டு வரை) மக்கள் விரும்பியது சோயா சாஸில் ஊறவைத்த சிவந்த சதையை. அகாமியில் ஒரு மெல்லிய புளிப்பும் இரும்புச் சுவையும் இருக்கும். தூத்துக்குடி, நாகர்கோவில் பக்கம் சூரை சாப்பிட்டு வளர்ந்தவர்களுக்கு அந்தச் சுவை அந்நியமாக இருக்காது. கொழுப்பு ஒட்டாது, வாய் சலிக்காது, விலையும் பாதிக்கும் கீழே.

2019 புத்தாண்டு ஏலத்தில் 278 கிலோ நீலத்துடுப்புச் சூரை ஒன்று 33 கோடியே 36 லட்சம் யெனுக்குப் போனதைச் செய்திகளில் பார்த்திருப்பீர்கள். அது வருடத்தின் முதல் ஏலத்துக்கான விளம்பர விலை. அதை வைத்து ஜப்பானில் சூரை சாப்பிட சொத்தை விற்க வேண்டும் என்று நினைத்துவிட வேண்டாம். சாதாரணக் கடைகளில் வருவது பெரும்பாலும் பெருங்கண் சூரையோ மஞ்சள் துடுப்புச் சூரையோதான், விலையும் சாதாரணம்தான். அதில் பெரும்பகுதி தூரக் கடலில் பிடித்து மைனஸ் 60 டிகிரி வரை உறையவைத்துக் கொண்டுவந்து உருக்கியது. 'உறைந்த மீனா, அய்யய்யோ' என்று முகம் சுளிக்க வேண்டாம். அந்தக் குளிரில் நிறமும் சுவையும் நன்றாகவே நிற்கும், புழு பயமும் போய்விடும். பண்ணையில் வளர்த்த நீலத்துடுப்பும் உண்டு. முட்டையிலிருந்து முட்டை வரை முழுச் சுற்றையும் பண்ணையிலேயே முடித்துக்காட்டியது ஒசாகா பக்கத்துக் கிண்டாய் பல்கலைக்கழகம், 2002இல். ஒசாகாவிலும் டோக்கியோவின் கின்சாவிலும் தங்கள் மீனுக்கென்றே அவர்கள் உணவகம் நடத்துகிறார்கள். பிடித்த மீனா வளர்த்த மீனா என்ற வாதத்தில் ஆர்வமுள்ளவர்கள் போய்ப் பார்க்கலாம்.

மதாய் என்கிற வெள்ளை மீன்

என் வாக்கு இதற்குத்தான், குறிப்பாக ஒசாகா, ஹிரோஷிமா, ஷிகோகு பக்கம் போகிறீர்கள் என்றால். சிவப்புத் தோல் கொண்ட கடல் மீன், சதை வெள்ளை. செட்டோ உள்நாட்டுக் கடலில் அகாஷி நீரிணையின் வேகமான நீரோட்டத்தில் பிடிபடுவதற்குப் பெரிய பெயர். பண்ணை மதாய்க்கு எஹிமே மாகாணம் முதலிடம். கடித்தால் ஒரு எதிர்ப்பு இருக்கும், வழுக்காது. கவிச்சி இல்லை. மென்று முடிக்கும்போது ஒரு இனிப்பு வரும்.

புதிய மீன் என்றால் என்ன என்பதில் அவர்களும் நாமும் பிரிகிற இடம் ஒன்று உண்டு. நமக்குத் துள்ளத் துள்ள இருப்பதுதான் நல்ல மீன். சஷிமிக்கு அது எப்போதும் சரிவராது. இப்போதுதான் கொன்ற மீனில் கடிப்பு மட்டும் இருக்கும், சுவை அதிகம் இருக்காது. மீன் செத்த பிறகு தசையில் இருக்கும் ஏடிபி என்ற ஆற்றல் மூலக்கூறு படிப்படியாக உடைந்து இனோசினிக் அமிலமாக மாறுகிறது. உமாமி என்கிற அந்த ஆழமான சுவை அதிலிருந்து வருகிறது. கட்டுவோபுஷி என்ற காய்ந்த சூரையிலிருந்து இதைக் கண்டுபிடித்தவர் கொடாமா ஷின்டாரோ, 1913இல். அதற்கு ஐந்து வருடம் முன்பு கொம்பு என்கிற கடற்பாசியின் சுவைக்குக் காரணம் குளுட்டமேட் என்று இகேதா கிகுனாயே சொல்லிவிட்டார். இரண்டும் ஒரே வாயில் சேர்ந்தால் சுவை பல மடங்கு கூடும்.

அதனால் மீனவரும் சமையல்காரரும் செய்வது, மீனைச் சரியாகக் கொன்று, சரியாகக் காத்திருப்பது. இகேஜிமே என்ற முறையில் மூளையில் ஒரே குத்து, உடனே ரத்தம் வடிப்பு, பிறகு முதுகெலும்பு வழியாக ஒரு கம்பியை விட்டு நரம்பை அழித்துவிடுவார்கள். மீன் துடித்துத் துடித்துச் சாகாததால் அந்த ஏடிபி தசையிலேயே தங்குகிறது, விறைப்பும் தாமதமாக வருகிறது. பிறகு குளிரில் ஒரு நாளோ அதற்கும் மேலோ வைத்து வெட்டுவார்கள். இதன் இன்னொரு வடிவம் கோபுஜிமே: மீனைக் கொம்பு கடற்பாசித் தாள்களுக்கு நடுவே வைத்து மூடிவிடுவது. தண்ணீர் கொஞ்சம் வற்றும், சதை இறுகும், கடற்பாசியின் சுவை ஏறும். டோயாமா பக்கம் இதற்குப் பெயர் போனது. பட்டியலில் மதாய் கோபுஜிமே என்று பார்த்தால் வேறு யோசனை வேண்டாம், அதையே கேளுங்கள். 'பச்சை' என்ற உணர்வே குறைந்துவிடும்.

கட்டுவோ தத்தாகி

ஷிகோகு தீவின் கோச்சிக்குப் போகிறவர்களுக்கு என் பதில் உடனே மாறிவிடும். கட்டுவோ என்பது நம் கடலிலும் வரும் வரிச்சூரை இனம். இலங்கையிலும் தெற்கத்திச் சமையலறைகளிலும் சம்பலுக்கு இடிக்கிற மாசி இதில்தான் செய்யப்படுகிறது. கோச்சியில் மீனின் முழு நீளத் துண்டை வைக்கோல் தீயில் காட்டுவார்கள். வெளிப்புறம் கருகும், புகை ஏறும், உள்ளே பச்சை. தடிமனாக வெட்டி மேலே பச்சைப் பூண்டு வில்லை, வெங்காயத்தாள், சில கடைகளில் வெறும் உப்பு. நகரத்து நடுவில் ஹிரோமே சந்தையில் கண்ணெதிரே வைக்கோல் கொளுத்துவதைப் பார்த்துக்கொண்டே சாப்பிடலாம். பூண்டும் புகையும் இருப்பதால் நம் நாக்குக்கு இதைவிட நெருக்கமான சஷிமி கிடையாது. வசந்தத்தில் வரும் கட்டுவோவில் கொழுப்புக் குறைவு, இலையுதிர் காலத்தில் திரும்பி வருவதில் அதிகம். தொடக்கத்துக்கு வசந்தம் நல்லது. ஒரே குறை, ரத்தச் சுவை கொஞ்சம் தூக்கலாக இருக்கும்.

மற்றவற்றைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். ஹமாச்சி நம் பாறை மீனின் குடும்பம். வளர வளரப் பெயர் மாறும், முழுதாக வளர்ந்தால் புரி. குளிர்காலத்து ஹிமி துறைமுகப் புரி ரசிகர்களுக்கானது, கொழுப்பு அதிகம். ஹொதாதே என்கிற விசிறிச் சிப்பி இனிப்பாக இருக்கும், ஆனால் வழவழப்பு. கணவாய் ஒட்டும், மெல்ல நேரமாகும். ஆக்டோபஸ் பெரும்பாலும் வேகவைத்தே வரும், எனவே பயந்தவர்கள் சத்தமில்லாமல் அதில் ஒதுங்கிக்கொள்ளலாம். ஃபுகு என்கிற விஷ மீன்தான் சஷிமியிலேயே மிக மெல்லிசாகச் சீவப்படுவது. தட்டின் சித்திரம் தெரியும்படி பூப்போல் அடுக்குவார்கள். ஷிமோனோசெகி அதன் தலைநகரம். அது இருக்கும் யாமாகுச்சி மாகாணத்தில் ஃபுகு சாப்பிட இருந்த தடை 1888இல் நீங்கியது. இன்று உரிமம் பெற்றவர்கள்தான் வெட்டலாம், ஈரலைப் பரிமாறவே கூடாது. சுவை மிக மெல்லியது, விலை மிக அதிகம். இரண்டாம் பயணத்துக்கு வைத்துக்கொள்ளுங்கள்.

புழு பற்றிய பயம்

இது வெறும் கற்பனை பயம் இல்லை. அனிசாகிஸ் என்ற இரண்டு மூன்று சென்டிமீட்டர் நீள வெள்ளைப் புழு கானாங்கெளுத்தி இன மீன்கள், கணவாய், காட்டு சால்மன், கட்டுவோ எல்லாவற்றிலும் வரலாம். சமீப வருடங்களில் ஜப்பானில் பதிவாகும் உணவு நச்சுச் சம்பவங்களில் எண்ணிக்கையில் முன்னால் நிற்பது இதுதான். உயிரோடு வயிற்றுக்குள் போனால் சில மணி நேரத்தில் கடுமையான வலி வரும். மருத்துவர் எண்டோஸ்கோப் விட்டுப் புழுவை எடுத்துவிடுவார், வலி நின்றுவிடும்.

வசாபி என்கிற காரமான பச்சை விழுது கொன்றுவிடும், சாகே என்கிற அரிசி மது கொன்றுவிடும், வினிகர் கொன்றுவிடும் என்பதெல்லாம் கதை. மைனஸ் 20 டிகிரியில் 24 மணி நேரம் உறையவைப்பது, அல்லது 70 டிகிரிக்கு மேல் சூடாக்குவது, இவைதான் ஜப்பானியச் சுகாதாரத் துறை சொல்கிற வழிகள். தத்தாகியின் தீ வெளித்தோலோடு நின்றுவிடும் என்பதையும் நினைவில் வையுங்கள். அதனால் அச்சம் அதிகமுள்ளவர்களுக்கு ஆபத்து வரிசை எளிது. உறையவைத்த சூரையும் பண்ணை சால்மனும் மிகக் குறைவு, பண்ணை மதாய் குறைவு, காட்டு மீன்கள் அடுத்து. ஷிமே சபா என்று வினிகரில் ஊறிய கானாங்கெளுத்தி வந்தால் முதல் முறைக்கு ஒதுக்கிவிடுங்கள். கர்ப்பிணிகளுக்குப் பச்சை மீனே வேண்டாம். அதுபோக, பாதரசம் காரணமாக நீலத்துடுப்பையும் பெருங்கண் சூரையையும் அவர்கள் குறைத்துக்கொள்ளச் சொல்லி அங்கே அரசாங்க அறிவுரையே இருக்கிறது.

இன்னொன்று, ஊருக்குத் திரும்பிய உற்சாகத்தில் காசிமேட்டிலோ உக்கடத்திலோ வாங்கிய வஞ்சிரத்தைச் சீவிச் சாப்பிட்டுப் பார்க்காதீர்கள். அது குழம்புக்கும் வறுவலுக்குமாகப் பிடித்து, ஐஸ் போட்டு, கைமாறி வந்த மீன். படகிலிருந்தே பச்சையாகச் சாப்பிட என்று பிரித்துக் கொண்டுவரும் ஏற்பாடு அதற்குப் பின்னால் கிடையாது.

சரி, எங்கே?

டோயோசுவிலிருந்து தொடங்கலாம். 1935இலிருந்து ட்சுகிஜியில் இருந்த மொத்தச் சந்தை 2018 அக்டோபரில் இங்கே மாறியது. சூரை ஏலத்தை அருகில் நின்று பார்க்க முன்கூட்டியே விண்ணப்பித்துக் குலுக்கலில் பெயர் வர வேண்டும். பார்க்க வேண்டிய காட்சிதான். ஆனால் அங்குள்ள பெயர்பெற்ற சிறு கடைகள் பெரும்பாலும் சுஷிக் கடைகள், வரிசை நீளம், உட்கார்ந்தால் சீக்கிரம் எழ வேண்டும். தூக்கம் கெட்ட வெறும் வயிற்றில், பின்னால் நாற்பது பேர் காத்திருக்க, முதல் பச்சை மீனைச் சாப்பிட்டால் அது எப்படிப் பிடிக்கும்? பழைய ட்சுகிஜியின் வெளிச் சந்தை இன்னும் இருக்கிறது, ஆனால் பயணிகளுக்கான விலை.

சுழலும் பெல்ட் கடை மலிவு. 1958இல் ஒசாகா அருகே ஷிராய்ஷி யோஷியாகி தொடங்கியது. இப்போது பல கடைகளில் தட்டுகள் சும்மா சுற்றுவதில்லை, திரையில் படம் பார்த்துத் தொட்டால் நேராக உங்கள் மேசைக்கு வரும். மொழிச் சிக்கல் இல்லை, பிள்ளைகளோடு போகிறவர்களுக்கு இதுவே நல்லது. ஆனால் சோற்றின் மேல் வைத்த சுஷிதான் பிரதானம். துண்டுகள் மெல்லியவை, மீனின் தரம் நடுத்தரம்.

இசகாயா என்கிற மாலை நேரக் குடிக்கடையில் மொரியாவாசே என்று கேட்டால் மூன்று அல்லது ஐந்து வகை மீன் கலந்து ஒரே தட்டில் வரும். சுவைத்துப் பார்க்க அருமையான வழி. ஆனால் கேட்காமலே ஒரு சின்னக் கிண்ணம் வரும், ஒதோஷி, அதற்குத் தலைக்குச் சில நூறு யென் போடுவார்கள். ஏமாற்று இல்லை, அங்கே அதுதான் வழக்கம். குடிக்காதவர்கள் ஊலாங் தேநீர் கேட்கலாம். சத்தமும், சில கடைகளில் புகையும் இருக்கும் என்பதையும் சொல்லிவிட வேண்டும்.

சூப்பர் மார்க்கெட் என் மனதுக்கு நெருக்கமானது. மூன்று வகை மீன் போட்ட தட்டு ஆயிரம் யெனுக்குள் கிடைக்கும். கடை மூடும் நேரம் நெருங்க நெருங்க இருபது சதவீதம், முப்பது, கடைசியில் பாதி விலை என்று ஸ்டிக்கர் ஒட்டிக்கொண்டே போவார்கள். மதியம் வெட்டியதை இரவுக்குள் விற்றாக வேண்டும் என்பதற்கான தள்ளுபடி அது, அன்றிரவே சாப்பிட்டுவிட்டால் பிரச்சினை இல்லை. செல்போன் கேமராவில் லேபிளை மொழிபெயர்த்துப் பாருங்கள். பச்சையாகச் சாப்பிட, சூடாக்கிச் சாப்பிட என்று தனித்தனியாக எழுதியிருக்கும். காட்டு மீனா பண்ணை மீனா, உறையவைத்து உருக்கியதா என்பதும் இருக்கும். விடுதி அறையில் யாரும் பார்க்காமல் முகத்தைச் சுளித்துக்கொண்டே சாப்பிடலாம் என்பது பெரிய வசதி. இருந்தாலும் முதல் முறைக்கு இதைச் சொல்ல மாட்டேன். பாக்கெட்டில் மணிக்கணக்காக இருந்த துண்டில் நீர் கசிந்திருக்கும், வெட்டும் இயந்திரத்தனமாக இருக்கும். நீண்ட யானகிபா கத்தியை ஒரே இழுப்பில் இழுத்து வெட்டிய துண்டின் பளபளப்பும் கூர்மையான ஓரமும் நாக்கிலேயே தெரியும். ஒருமுறை அதைச் சாப்பிட்ட பிறகு பாக்கெட்டுக்கு வாருங்கள்.

அதனால்தான் தெய்ஷோகு. துறைமுக ஊர்களிலும் ரயில் நிலையப் பக்கங்களிலும் மதியம் ஆயிரத்திலிருந்து இரண்டாயிரம் யெனுக்குள் கிடைக்கும். மீன் அப்போதுதான் வெட்டியது. சூடான சோறு பக்கத்திலேயே இருப்பதால் குளிர்ச்சி தொந்தரவு செய்யாது. ஒரு துண்டு, ஒரு வாய் சோறு, ஒரு மடக்கு சூப் என்று நம் சாப்பாட்டுப் பழக்கத்தோடு ஒத்துப்போகிறது. பிடிக்காவிட்டாலும் வயிறு நிறைந்துவிடும். வெள்ளை மீனில் தொடங்கி, சிவப்பு, கடைசியில் கொழுத்தது என்ற வரிசையில் சாப்பிடுங்கள். அடியில் இருக்கும் முள்ளங்கித் துருவலும் ஷிசோ இலையும் அலங்காரம் மட்டும் என்று நினைத்து ஒதுக்க வேண்டாம், இடையிடையே மென்றால் வாய் சுத்தமாகும். கியூஷு பக்கம் சோயா சாஸ் இனிக்கும், அதிர்ச்சி அடையாதீர்கள். மதுசாரம் தவிர்ப்பவர்கள் ஒன்றைக் கவனிக்கவும்: பல சோயா சாஸ்களில் கெடாமல் இருக்க அதைச் சேர்க்கிறார்கள்.

ஹொக்கைடோ, அவோமோரி பக்கம் போகிறவர்களுக்கு இன்னொரு நல்ல வழி உண்டு. குஷிரோவின் வாஷோ சந்தையில் ஒரு கிண்ணம் சோறு வாங்கிக்கொண்டு கடை கடையாகப் போய், பிடித்த மீனை ஒவ்வொரு துண்டாக வாங்கி மேலே அடுக்கிக்கொள்ளலாம். அவோமோரி நகரச் சந்தையிலும் கூப்பன் வாங்கி இதையே செய்யலாம். ஒரே ஒரு துண்டு மட்டும் வாங்கிப் பார்க்கிற சுதந்திரம் வேறெங்கும் கிடைக்காது. தெய்ஷோகுவுக்கு நிஜமான போட்டி இதுதான்.

கூட வருகிறவர் சைவம் என்றால் கியோட்டோவில் யூபா சஷிமி கேளுங்கள். சோயாப் பாலின் ஆடையை எடுத்து அப்படியே வசாபியோடு தருவார்கள். கொன்யாக்கு கிழங்கில் செய்த சஷிமியும் உண்டு, புளிப்பு மிசோவோடு வரும். தொட்டுக்கொள்ளும் சாஸில் மீன் சாறு இருக்கிறதா என்று கேட்டுவிடுவது நல்லது. அப்புறம், குமாமோட்டோவில் பட்டியலில் பசாஷி என்று இருந்தால் அது குதிரை இறைச்சி, ககோஷிமாவில் பச்சைக் கோழியும் வரும். சிவப்பாகத் துண்டு போட்டு வந்தது எல்லாம் சூரை என்று நம்பிவிட வேண்டாம். இரண்டு பேரில் ஒருவர் மட்டும் தயங்குகிறார் என்றால் ஒரு சஷிமி தெய்ஷோகு, ஒரு சுட்ட மீன் தெய்ஷோகு என்று பிரித்துக் கேளுங்கள். பெரும்பாலான மதியக் கடைகளில் இரண்டும் இருக்கும், விலையும் ஏறக்குறைய ஒன்றுதான். தயங்குகிறவர் அகாமியில் ஒரு துண்டு எடுத்துப் பார்க்கட்டும்.